கோப்பி இலையின் கீழ்ப்பக்கம்: மலையகத்தில் ஓர் அவதானிப்பின் வரலாறு

1869ஆம் ஆண்டில் இலங்கை மலையகத்தில் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் இருந்த கோப்பித் தோட்டமொன்றில், சில மரங்களின் இலைகளில் மஞ்சள் புள்ளிகள் தோன்றின. இலையைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு புள்ளியின் அடியிலும் விரலில் ஒட்டிக்கொள்ளும் செம்மஞ்சள் பொடி இருந்தது. இரும்பில் ஏறும் கறளின் நிறம் அதற்கு இருந்ததால், பின்னாளில் அது இலைத்துரு நோய் என்றே பெயர் பெற்றது. அந்தப் பொடி என்ன, எங்கிருந்து வந்தது, இலைக்குள் எப்படி நுழைந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஐயத்துக்கு இடமில்லாத விடை கிடைப்பதற்குள் பதிமூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. அதற்குள் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்தப் பதிமூன்று ஆண்டுகளை ஒரு நிகழ்வாக எடுத்துக்கொண்டு, ஒரே இலையைப் பலர் பார்த்திருக்க, அவர்களுள் ஒருவருடைய பார்வை மட்டும் ஏன் அறிவியல் அவதானிப்பாக நிலைத்தது என்பதை ஆராய்கிறது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழகப் பாடநூல்கள் ‘உற்றுநோக்கல்’ என்று சொல்வதை நமது பாடநூல்கள் ‘அவதானிப்பு’ என்கின்றன. முதற்சொல் கண்ணைச் சார்ந்தது. இரண்டாவது மனத்தைச் சார்ந்தது. எட்டுக் காரியங்களில் ஒரே வேளையில் மனத்தை நிறுத்தக்கூடியவரை அட்டாவதானி என்கிறோம். அங்கே அவதானம் என்பது கவனமே அன்றிப் பார்வை அன்று. இந்த நிகழ்வைப் படிக்கும்போது நமது சொல்லே பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது. மடுல்சீமையில் கண்ணுக்குக் குறைவிருக்கவில்லை. நுணுக்குக்காட்டிக்கும் பெரிய குறைவிருக்கவில்லை. குறைவாக இருந்தது வேறொன்று.

தோட்டத்தில் தெரிந்ததும் தெரியாததும்

கோப்பிக் காலத்து மலையகம் இன்றைய தேயிலை மலையகத்திலிருந்து வேறுபட்டது. திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் கீழ்ப் புறப்பட்டு, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். எனவே ஒரு மரத்தை ஆண்டு முழுவதும் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுள் பலருக்கு இருக்கவில்லை. ஆண்டு முழுவதும் அங்கே இருந்த துரைமாருக்கோ, பார்க்க வேண்டிய காரணம் உடனே தோன்றவில்லை. நோய் பற்றிய மரம் இலையை உதிர்த்தது. ஆனால் மழை வந்ததும் மீண்டும் தளிர்த்தது. தளிர்த்த மரத்தைப் பார்த்தவர் அது தேறிவிட்டது என்று நினைப்பது இயல்பே. மண் சத்திழந்துவிட்டது, உரம் போதவில்லை, அந்த ஆண்டு மழை தவறியது என்று காரணம் சொன்னவர்களும் இருந்தனர்.

இதைவிடப் பெரிய திரையாக நின்றது கணக்குப் புத்தகம். எழுபதுகளில் உலகச் சந்தையில் கோப்பி விலை உயர்ந்தது. உயர்ந்த விலையை நம்பி மலையின் மேற்பகுதிக் காடுகள் அழிக்கப்பட்டுப் புதிய தோட்டங்கள் நடப்பட்டன. 1878 அளவில் கோப்பி நிலம் ஏறத்தாழ 275,000 ஏக்கருக்குப் பெருகியிருந்தது. புதிய நிலத்தின் விளைச்சல் பழைய நிலத்தின் இழப்பை ஈடுசெய்ததால், மொத்த ஏற்றுமதியை மட்டும் பார்த்தவருக்கு ஆபத்து தெரியவில்லை. ஏக்கருக்கு எத்தனை அந்தர் (ஓர் அந்தர் 112 இறாத்தல்) என்று வகுத்துப் பார்த்திருந்தால் மட்டுமே, நான்கு அந்தருக்கு மேல் இருந்த சராசரி ஏறத்தாழ இரண்டு அந்தராகத் தேய்ந்து வந்தது புலப்பட்டிருக்கும். எதை எதனால் வகுப்பது என்று தீர்மானிப்பதும் அவதானிப்பின் ஒரு பகுதியே. இந்த நிகழ்வில் அந்த வகுத்தல் காலம் தாழ்த்தியே நடந்தது.

உலர்ந்த இலையும் உயிருள்ள இலையும்

பேராதனைத் தாவரவியல் பூங்காவை அப்போது நடத்தியவர் துவைட்ஸ். இலங்கைக்கு வருமுன்னரே டையாற்றங்கள் என்ற நுண்பாசிகளின் இணைவை நுணுக்குக்காட்டியில் கண்டு வெளியிட்ட அவர், நுண்ணுயிர்களைப் பார்க்கத் தெரியாதவர் அல்லர். மடுல்சீமை இலைகளை அவர் உலர்த்தி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பங்கசுகளை (பூஞ்சணங்களை)ப் பற்றிய மிகப் பெரிய அறிஞராக மதிக்கப்பட்ட பெர்க்லி என்ற மதகுரு, புரூம் என்பவருடன் சேர்ந்து அதே 1869இல் அதற்குப் பெயரிட்டார்: ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ். முதற்சொல்லுக்குப் பாதி வழுவழுப்பானது என்று பொருள். இரண்டாவது சொல் அழிவு செய்வதைக் குறிக்கிறது. அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தி, அதாவது பங்கசு விதைபோல் பரவ உதவும் நுண்துகள்; சிறுநீரக வடிவிலுள்ள அந்த வித்தியின் குவிந்த புறம் முட்கள் நிறைந்திருக்க, மறுபுறம் வழுவழுப்பாக இருந்ததை உலர்ந்த இலையிலேயே பெர்க்லி கண்டுவிட்டார். பெயரின் முதற்பாதி கண்டறிந்த ஓர் உண்மை. பிற்பாதி முன்கூட்டிச் சொன்ன ஓர் எச்சரிக்கை.

பெர்க்லியின் பார்வை கூர்மையானது. ஆனால் அது ஒரு பொருளைப் பற்றிய பார்வை. உலர்ந்த மாதிரியில் வடிவத்தைக் காணலாம். காலத்தைக் காண முடியாது. வித்தி எப்போது முளைக்கிறது, எங்கே நுழைகிறது, எத்தனை நாளில் புள்ளியாகிறது என்பன பெட்டிக்குள் அடங்கிக் கப்பலில் போகக்கூடியவை அல்ல.

இந்த வேறுபாடு மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. துரு நோய்களை மனிதர் பார்த்த வரலாறே இதனைச் சுற்றித்தான் அமைந்துள்ளது. 1665இல் றொபட் ஹூக் வெளியிட்ட நுணுக்குக்காட்டி நூலில், ரோசா இலையில் தோன்றும் துருவின் படம் ஒன்று உண்டு. காம்புகளின் நுனியில் நின்ற வித்திகளை அவர் அழகாக வரைந்திருக்கிறார். ஆயினும் அவற்றை வித்துகள் என்று அவர் கொள்ளவில்லை. இலை அழுகுவதனால் தானே தோன்றிய வளர்ச்சி என்றே கருதினார். படம் சரி, பொருள் பிழை. அதற்கு நூற்று நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின், 1807இல், பிரான்சில் பிரெவோ என்பவர் கோதுமையின் கரிநோய் வித்திகளைத் தண்ணீரிலிட்டு, அவை முளைப்பதை மணிக்கணக்கில் காத்திருந்து பார்த்தார். செப்புப் பாத்திரத்தில் காய்ச்சிய நீரில் அவை முளைக்க மறுத்ததையும் குறித்துவைத்தார். அன்றைய அறிஞர் சபைகள் அவருடைய முடிவைப் பொருட்படுத்தவில்லை. ஜேர்மனியில் டி பாரி 1860களில் உருளைக்கிழங்கு நோயின் பங்கசையும், கோதுமைத் துரு தன் வாழ்வின் ஒரு பகுதியை பார்பெரி என்ற வேறொரு செடியில் கழிப்பதையும் காட்டிய பிறகுதான், பங்கசு நோயின் விளைவன்று, காரணம் என்ற கருத்து உறுதிப்பட்டது. ஹூக்கிடம் இல்லாமல் பிரெவோவிடமும் டி பாரியிடமும் இருந்தது கூடுதல் கூர்மையுள்ள வில்லை மட்டுமன்று. ஒரே வித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் வாழ்வைத் தொடர்ந்து செல்லும் பொறுமையும், அதற்கான ஏற்பாடும் ஆகும்.

மொறிசின் இழைகள்

பேராதனையில் உதவிப் பணிப்பாளராக இருந்த டானியல் மொறிஸ் 1870களின் இறுதியில் நோயை ஆராய்ந்தார். கோப்பி மரத்தின் பட்டையிலும் இலைகளின் வெளிப்புறத்திலும் மெல்லிய பங்கசு இழைகள் படர்ந்திருப்பதைக் கண்டு, இவை ஹெமிலியாவின் வெளிநிலை என்று முடிவு செய்தார். வெளியே இருக்கும் எதிரியை வெளியிலேயே கொல்லலாம் அல்லவா? ஆகவே கந்தகமும் சுண்ணாம்பும் கலந்த தூளை மரங்களில் தூவும்படி பரிந்துரைத்தார்.

மொறிஸ் கண்ட இழைகள் கற்பனை அல்ல. அவை அங்கே உண்மையாகவே இருந்தன. ஆனால் அவை ஹெமிலியாவுக்கு உரியவை அல்ல. மரத்தில் வாழும் வேறு பங்கசுகளின் இழைகள். தமிழ் அளவை (தர்க்க) நூலோர் காட்சியின் குற்றங்களை ஐயம், திரிபு என்று பிரித்தனர். மங்கிய ஒளியில் நிற்பது ‘குற்றியோ மகனோ’ (மரக்கட்டையோ மனிதனோ) என்று தடுமாறுவது ஐயம். குற்றியை மகன் என்றே துணிவது திரிபு. மொறிசுக்கு நேர்ந்தது இரண்டாவது. நோயுற்ற மரத்தில் இழை இருக்கிறது என்று கண்டால் மட்டும் போதாது. அந்த இழை வித்தியிலிருந்து தொடர்ச்சியாக வளர்ந்ததா, நோயற்ற மரத்தில் அது இல்லையா என்ற இரண்டையும் கேட்டிருக்க வேண்டும். இன்னொரு பொறியும் அங்கே இருந்தது. துரு நோய் வறட்சி மாதங்களில் தானாகவே தணிவது. அத்தகைய மாதத்தில் எந்தத் தூளைத் தூவினாலும் அது பலித்ததுபோலவே தோன்றும். மொறிசைக் குறை சொல்வது எளிது. ஆனால் அன்றைய தோட்டக்காரர் கேட்டது மருந்தையே; வாழ்க்கை வரலாற்றையன்று.

வார்டின் கண்ணாடித் தட்டுகள்

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் இந்த நோயை ஆராய்வதற்கென்றே அரசாங்கத்தால் அனுப்பப்பட்டு இலங்கை வந்தார். கேம்பிரிட்ஜில் படித்து முடித்து அதிக காலம் ஆகவில்லை. 1882வரை அவர் இங்கே தங்கிச் செய்த வேலையே இந்த ஆய்வின் நடுப்பொருள்.

அவர் முதலில் செய்தது வித்தியை முளைக்க வைத்ததுதான். ஒரு துளி நீரில் வைத்தால் வித்தி ஏறத்தாழ ஒரு நாளுக்குள் முளைக்குழாய் விடுவதையும், நீரில்லாவிட்டால் முளைக்காததையும் கண்டார். பிறகு உயிருள்ள இலையின் கீழ்ப்பக்கத்தில் வித்திகளை வைத்து, முளைக்குழாய் இலைவாயை (இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்துளையை)த் தேடி அதன்வழியே உள்ளே புகுவதைத் தொடர்ந்தார். இலைவாய்கள் கோப்பி இலையின் கீழ்ப்பக்கத்திலேயே உள்ளன. பொடியும் கீழ்ப்பக்கத்திலேயே தோன்றுவதன் காரணம் அதனால் விளங்கியது. உட்புகுந்த இழை இலைத்திசுக்களுக்கிடையே கிளைத்து, உயிரணுக்களிலிருந்து உணவை உறிஞ்சி, ஏறத்தாழ இரண்டு வாரங்களின் பின் வெளிறிய புள்ளியாக வெளிப்பட்டது; அதன்பின் அதே இலைவாய்கள் வழியே புதிய வித்திக் கொத்துகள் வெளியே தள்ளப்பட்டன. வித்தி வைத்த இடத்திலேயே புள்ளி வந்தது. வைக்காத இலை நலமாக இருந்தது. இந்த இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதல் வாக்கியத்துக்கு மதிப்பில்லை. மொறிசின் இழைகள் இந்தத் தொடரில் எந்த இடத்திலும் வரவில்லை. அவை வெளியிலிருந்து பார்த்தபோது மட்டும் கதையில் சேர்ந்தவை.

அடுத்து அவர் காற்றைப் பார்த்தார். காற்றை எப்படிப் பார்ப்பது? கிளிசரின் பூசிய கண்ணாடித் தட்டுகளைக் கோப்பி மரங்களுக்கிடையே வைத்தார். காற்றில் பறப்பவை ஒட்டும் திரவத்தில் சிக்கும். தட்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் அவற்றை எண்ணலாம். பாதி வழுவழுப்பான வித்தியை வேறெதனோடும் மயங்க முடியாதாகையால், பெர்க்லி உலர்ந்த இலையில் கண்ட அந்த வடிவக் குறிப்பு இங்கே கைகொடுத்தது. தட்டுகளில் வித்திகள் அகப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கும் நிறைந்திருக்கிறது என்ற ஊகம் எண்ணிக்கையாக மாறிய இடம் இது.

எண்ணுவதை அவர் இலையிலும் செய்தார். ஒரு புள்ளியிலிருந்து ஏறத்தாழ 150,000 வித்திகள் தோன்றலாம் என்று கணித்தார். ஒரு சோடி இலைகளில் 127 புள்ளிகளை எண்ணினார். இரண்டையும் பெருக்கினால், ஒரே சோடி இலைகளிலிருந்து ஒரு கோடியே தொண்ணூறு இலட்சத்துக்கு மேற்பட்ட வித்திகள். மலை மலையாக, இடையில் காடோ காற்றுத் தடையோ இல்லாமல், ஒரே பயிர் நடப்பட்ட நாட்டில் இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை அவர் தெளிவாகவே சொன்னார்: காற்றுக்கு நாம் திறந்துவைத்த வயல் இது.

வகுப்பறை அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களின் பின்புறங்களில் இன்றும் ஓரிரு கோப்பிச் செடிகள் நிற்கின்றன. அவற்றின் இலைகளில் துருவும் இருக்கிறது. ஒருமுறை மாணவர்கள் அத்தகைய இலைகளைக் கொண்டுவந்து, பொடியை நீரிலிட்டு, பழைய நுணுக்குக்காட்டி ஒன்றின் கீழ் பார்த்து வரைந்தனர். பெரும்பாலான படங்களில் தடித்த கரிய ஓரமுள்ள வட்டங்களே இருந்தன. அவை காற்றுக் குமிழிகள். வித்தி உருண்டையாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு உருண்டையான ஒன்று கிடைத்ததும் தேடல் நின்றுவிட்டது. மூடுதட்டை மெல்ல அழுத்தினால் குமிழி நகரும், வித்தி நசுங்காது என்று காட்டிய பின்னர், சிலர் தாமாகவே முட்களையும் வழுவழுப்பான பக்கத்தையும் கண்டனர். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் மொறிசுக்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

அறிக்கை தராதவை

வார்டின் அறிக்கைகளில் தோட்டக்காரர் எதிர்பார்த்த ஒன்று இல்லை: மருந்து. பங்கசு இலைக்குள் புகுந்தபின் அதை அழித்தால் இலையும் அழியும் என்று அவர் கண்டிருந்தார். வித்தி முளைக்கும் முன், இலையின் மேற்பரப்பில் அதைத் தடுக்கும் பொருளைத் தெளிப்பதே வழி என்ற தர்க்கம் அவருடைய அவதானிப்புகளிலிருந்து நேரே வருவது. பிரான்சில் மில்லார்டே என்பவர் திராட்சைக்கான போர்டோக் கலவை என்ற செப்பு மருந்தை வெளியிட்டது 1885இல். மூன்றே ஆண்டு இடைவெளி. ஆனால் மூன்று ஆண்டுகள் காத்திருக்கும் நிலையில் கோப்பி இல்லை. 1870இல் பத்துக் கோடி இறாத்தலாக இருந்த ஏற்றுமதி 1889 அளவில் ஐம்பது இலட்சம் இறாத்தலுக்கு வீழ்ந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த வெற்றிடத்தை நிரப்பியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கக் கைகள் வேண்டும். பருவத்துக்கு வந்து திரும்பிய மக்கள் லயங்களில் நிலையாகக் குடியமர்ந்ததற்கு, இலையின் கீழிருந்த அந்தப் பொடியும் ஒரு காரணம்.

காற்றைப் பற்றிய வார்டின் முடிவும் பின்னர் கேள்விக்குள்ளானது. 1960இல் கென்யாவில் நட்மனும் உடனாய்வாளர்களும் மழைத்துளியின் தெறிப்பே வித்தியைப் பரப்பும் முதன்மை வழி என்று வாதிட்டனர். 1970இல் பிரேசிலில் இந்த நோய் தோன்றிய பிறகு, தொலைதூரப் பரவலில் காற்றின் பங்கு மீண்டும் வலியுறுத்தப்பட்டது. மரத்திலிருந்து மரத்துக்குப் போவதும் நாட்டிலிருந்து நாட்டுக்குப் போவதும் ஒரே கேள்வி அல்ல என்பதே இந்த வழக்கிலிருந்து நான் கொள்வது. கிளிசரின் தட்டு, வித்தி காற்றில் இருக்கிறது என்பதைச் சொல்லும். எந்த வித்தி எந்த இலையை நோயுறச் செய்தது என்பதைச் சொல்லாது. கோதுமைத் துருவுக்குப் பார்பெரி அமைந்ததுபோல் ஹெமிலியாவுக்கும் ஒரு மாற்று விருந்தோம்பிச் செடி உண்டா என்ற கேள்விக்கு, நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்தும், அப்படியொன்று கண்டறியப்படவில்லை.

1946இன் பின்

மலையகத்துக்கு இரண்டாவது முறையும் ஒரு பங்கசு வந்தது. 1946இல் தேயிலையின் கொப்புள நோய் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டது. இளங்கொழுந்தையே தாக்கும் நோயாதலால் அச்சம் கோப்பிக் காலத்தை ஒத்திருந்தது. ஆனால் இம்முறை அவதானிக்கும் ஏற்பாடு முன்னரே இருந்தது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இயங்கிக்கொண்டிருந்தது. செப்பு மருந்துகளும் கையில் இருந்தன. எஞ்சியிருந்த கேள்வி எப்போது தெளிப்பது என்பதுதான். தேவையற்ற நாளில் தெளித்தால் பணம் வீண். தேவையான நாளில் தெளிக்காவிட்டால் கொழுந்து வீண்.

விசர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய மூவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை இலையிலிருந்து வானத்துக்கு நகர்த்தியது. கொப்புள நோயின் வித்தி மெல்லிய சுவருடையது. வெயிலில் விரைவில் மடிவது. ஆகவே மழையை மட்டும் அளப்பதைவிட வெயில் நேரத்தை அளப்பது நோயின் போக்கை நன்கு முன்னறிவிக்கும் என்று அவர்கள் காட்டினர். சில நாள்களின் சராசரி வெயில் நேரம் நாளொன்றுக்கு நான்கு மணியை ஒட்டிய ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் தெளிக்க வேண்டும் என்பது இவ்வழியில் பிறந்த நடைமுறை.

வெயில் நேரத்தை அளக்கும் பழைய கருவி மிக எளியது: ஒரு கண்ணாடி உருண்டை, அதன் பின்னே மணிகள் குறித்த ஓர் அட்டை. சூரியன் தெரியும்வரை உருண்டை ஒளியைக் குவித்து அட்டையில் ஒரு கோட்டைக் கருக்கிக்கொண்டே போகும்; முகில் மறைத்தால் கோடு அறுபடும். மாலையில் அட்டையை எடுத்து, கருகிய துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, அன்றைய திகதிக்கு நேரே எழுதுகிறார்கள். இப்படிச் சில நாள்களில் சேர்ந்த கூட்டுத்தொகைகளைப் பார்த்தே, மறுநாள் காலையில் வேலை பகிரும் பெரட்டுக்களத்தில் எத்தனை பேருக்கு மருந்து தெளிக்கும் வேலை என்பது தீர்மானிக்கப்படும்.